நான் விழுங்கிய சைபர்

நம் தொழிற்சாலையின் தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் புள்ளியியல் மென்பொருளைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சின்ன அளவுத் தொகுப்பை எப்படிச் சுருக்கிச் சொல்வது, எப்படிப் படமாகப் போடுவது என்று விளக்க வேண்டுமாம். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அந்த மென்பொருளைப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது; சுட்டியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. ஆகவே பொத்தான்களை விட்டுவிடுகிறேன். இருபது எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவற்றில் ஒன்றை நான் மாற்றினேன்.

இப்போது நான் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். மனைவி போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் வெளிநாட்டில். ஊர் விருதுநகர்ப் பக்கம், அங்கே திரும்பிப் போனால் என்னை அடையாளம் காண ஆளில்லை. மடிக்கணினியில் இலவசமாகக் கிடைக்கிற புள்ளியியல் மென்பொருள் ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறேன். பழக்கம் விடாது. போன மாதம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை நாள்வாரியாக உள்ளிட்டுப் பட்டைப்படம் போட்டுப் பார்த்தேன். உயரமான பட்டை சைபரின் மேல் நின்றது, யாரும் கூப்பிடாத நாட்கள்தான் அதிகம். ஒரே ஒரு நாள் மட்டும் ஏழு அழைப்புகள், படத்தின் வலது ஓரத்தில் தன்னந்தனியாக. என்ன விசேஷம் என்று யோசித்தேன். சிலிண்டர் கொண்டுவந்தவர் வழி தெரியாமல் ஏழு தடவை கூப்பிட்ட நாள் அது.

சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் தனியாக நிற்கும் புள்ளியைப் பார்த்தால் இன்றும் எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்துவிடும்.

தரப் பிரிவில் வேலை செய்கிறவனோடு யாரும் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்கள் என்பதை இதற்குள் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். உற்பத்திக்காரர்களுக்கு நாம் வேலையை நிறுத்துகிறவர்கள். மேலே உள்ளவர்களுக்கு நாம் கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள். அதிலும் நான் இருந்தது அளவை அறை. கதவைச் சாத்தியே வைக்க வேண்டும், குளிர் மாறக் கூடாது, உள்ளே இரண்டே பேர். ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார். எழுதியவன் நான். அளந்தவர் ரத்னம்மா.

ரத்னம்மாவுக்கு ஊர் பேரிகை. ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, தொழிற்சாலையில் தமிழ் என்று மூன்றும் அவருக்கு ஒன்றுதான், பேச்சின் நடுவில் எப்போது மொழி மாறியது என்று அவருக்கே தெரியாது. ஆனால் எண்ணுவது மட்டும் கன்னடத்தில்தான். நம் ஓசூரில் எல்லோரும் அப்படித்தான், கவனித்துப் பாருங்கள். திட்டுவதற்குக்கூட அடுத்தவர் மொழியைக் கடன் வாங்குவார்கள், எண்ணும்போது அவரவர் மொழிக்குப் போய்விடுவார்கள். நானும் இத்தனை வருடம் இங்கே இருந்தும் தமிழில்தான் எண்ணுகிறேன்.

அவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. சோதனைக்கு எத்தனை பெட்டி நிற்கிறது என்று வாசலிலிருந்து பார்த்துவரச் சொன்னேன். வந்து, "தொம்பத்து" என்றார். வெளியே இயந்திரச் சத்தம். என் காதில் விழுந்தது ஒன்பது. சீட்டில் ஒன்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கன்னடத்தில் ஒம்பத்து என்றால் ஒன்பது, தொம்பத்து என்றால் தொண்ணூறு. ஒரு 'த'தான் வித்தியாசம், அந்தச் சத்தத்தில் அந்தத் 'த' காணாமல் போயிற்று. தொண்ணூறு பெட்டிகள் வெயிலில் கிடக்க, ஒன்பதுக்கு மட்டும் சீட்டு போனது. உற்பத்தி மேற்பார்வையாளர் எனக்கு அன்றே 'சைபர் முழுங்கி' என்று பெயர் வைத்தார். சாப்பாட்டு அறையில் என் தட்டைப் பார்த்து, "சாருக்கு சாப்பாடு எதுக்கு, ரெண்டு சைபர் வையுங்க" என்பார்கள். பல மாதம் ஓடியது அந்தக் கிண்டல்.

அதற்குப் பிறகு நானும் ரத்னம்மாவும் எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவர் கன்னடத்தில் சொல்வார், நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வேன். சரியென்றால் அவர் "ஹௌது" என்பார். ஹௌது என்றால் கன்னடத்தில் ஆமாம். அவர் ஹௌது சொன்ன பிறகுதான் நான் எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன டிக் போடுவேன். ஹத்து, பத்து, ஹௌது. ஒம்பத்து, ஒன்பது, ஹௌது. இப்படியே காலையிலிருந்து ஷிப்ட் முடியும்வரை போகும்.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி படுத்த படுக்கையாகி, பிறகு போயும்விட்ட அந்த வருடங்களில், நாள் முழுக்க என்னோடு பேசிய ஒரே குரல் அதுதான். பேச்சென்றால் என்ன, வெறும் எண்கள். ஆனால் நான் சொன்னதற்கு ஒரு மனுஷி ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் தலைமை அதிகாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சராசரியைச் சொல்லிக்கொண்டு அவர் அறைக்குள் போனால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "மொதல்ல படத்தக் காட்டு, அப்புறம் கணக்கச் சொல்லு" என்பார். இரண்டு தொகுப்புக்கு ஒரே சராசரி இருக்கலாம், ஒன்றில் எல்லாம் ஒழுங்காகவும் இன்னொன்றில் பாதி குப்பையாகவும் இருக்கலாம், படம் போட்டால்தான் தெரியும் என்பார். சரியான பேச்சு. இன்றைக்கும் உங்களுக்கு அதையேதான் சொல்வேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பெங்களூரிலிருந்து ஒரு புது வாடிக்கையாளர். மோட்டாருக்குள் சுழலும் ஒரு சின்னத் தண்டை நாங்கள் செய்து கொடுக்க வேண்டும். சுழலும்போது அது எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் முக்கியம். இருபத்தைந்து மைக்ரானுக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல், ஆடக் கூடாது. முதல் தொகுதி தயாராகி லாரி ஏறக் காத்திருந்தது. வாடிக்கையாளரின் ஆட்கள் மேலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இருபது தண்டை எடுத்து அளந்து, சுருக்கமும் படமும் நாலு மணிக்குள் வேண்டும் என்று தலைமை அதிகாரி கேட்டிருந்தார். அந்த வேலையை நம்பி ஒரு புது உற்பத்தி வரிசையே போட்டிருந்தோம். அதற்கென எடுத்த ஆட்களுக்கு அது போனால் வேறு வேலை இல்லை.

ரத்னம்மா அளந்தார், நான் எழுதினேன். ஒன்பது, பத்து, பன்னிரண்டு, எட்டு என்று எல்லாமே பத்தை ஒட்டி வந்தன. பதினேழாவது தண்டை வைத்துச் சுழற்றினார். மறுபடி ஒருமுறை சுழற்றினார். "தொம்பத்து" என்றார். நான் "தொண்ணூறா?" என்றேன். "ஹௌது" என்றார். எழுதினேன், டிக் போட்டேன். அந்தத் தண்டை அவர் சிவப்புப் பெட்டியில் போட்டார். மீதி மூன்றும் சரியாக இருந்தன. ஷிப்ட் முடிந்து அவர் பேரிகை வண்டிக்குப் போனார், நான் தாளை எடுத்துக்கொண்டு மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

இருபதையும் உள்ளிட்டேன். சராசரி பதினான்கு. வரம்பு இருபத்தைந்து என்னும்போது பதினான்கைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை பத்து, அது எதையும் காட்டிக்கொடுக்காது. எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் மட்டும் பதினெட்டை ஒட்டி வந்தது, அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெட்டிப்படம் போட்டேன். இருபதில் பத்தொன்பது கீழே ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. மேலே, திரையின் உச்சியில், ஒரே ஒரு நட்சத்திரம். மற்றவற்றோடு சேராத எண்ணை அந்த மென்பொருள் நட்சத்திரமாகத்தான் போடும்.

மணி மூன்றே கால். நான் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போது எனக்கு அந்தத் தொண்ணூறு பெட்டி நினைவுக்கு வந்தது. ரத்னம்மா ஒம்பத்து என்றுதான் சொல்லியிருப்பார், எனக்குத்தான் தொம்பத்து என்று கேட்டிருக்கும் என்று தோன்றியது. எவ்வளவு வசதியான நினைவு, பாருங்கள். மற்ற எல்லாம் பத்தை ஒட்டி இருக்கும்போது ஒன்பதுதானே பொருந்தும்? மறுபடியும் சைபர் விஷயத்தில் ஏமாந்தேன் என்று பெயர் வாங்க வேண்டுமா?

தாளில் தொண்ணூறுக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. நான் திருப்பிக் கேட்டிருந்தேன், அவர் ஹௌது சொல்லியிருந்தார். அந்த டிக்கை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. ரத்னம்மாவின் போன் எண் என்னிடம் இருந்தது. சிவப்புப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருபது அடியில் இருந்தது. இறங்கிப் போய்த் தண்டை மறுபடி வைத்துச் சுழற்ற இரண்டு நிமிடம் ஆகும். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் நான் போகவில்லை.

பூஜ்ஜியத்தை அழித்தேன். ஒரே ஒரு தட்டு. சராசரி சரியாகப் பத்துக்கு இறங்கியது. திட்ட விலக்கம் ஒன்றரைக்குள் அடங்கியது. நட்சத்திரம் மறைந்தது. அச்செடுத்து நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவர்கள் இருந்த அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமை அதிகாரி முதலில் படத்தைத்தான் பார்த்தார். வாடிக்கையாளர் பக்கம் அதைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. லாரி போயிற்று.

இரண்டு வாரம் கழித்துத் தண்டுகள் திரும்பி வந்தன. எல்லாம் அல்ல, இங்கொன்றும் அங்கொன்றுமாக வளைந்தவை. வெப்ப உலைக்குப் போய்வரும் கூடைகளில் ஒன்றில் ஒரு கம்பி புடைத்திருந்தது, அதன்மேல் சாய்ந்த தண்டுகள் மட்டும் வளைந்திருந்தன. அதைக் கண்டுபிடிக்கவே பல நாள் ஆனது. பதினேழாவது தண்டு அதைத்தான் எங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறது.

அதற்கு முன்பே விசாரணை வைத்துவிட்டார்கள். இருபதில் ஒன்றுகூட மாட்டாமல் இத்தனை வளைந்த தண்டுகள் எப்படிப் போயின? அளந்தவர் ஒழுங்காக அளக்கவில்லை, தண்டைச் சுழற்றாமலே எண் சொல்லியிருக்கிறார் என்ற முடிவுக்கு எல்லோரும் சீக்கிரமே வந்தார்கள். ரத்னம்மாவை அழைத்தார்கள். தலைமை அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"பதினேழாவது ஆடுச்சு சார். ரெண்டு வாட்டி சுத்திப் பாத்துட்டுதான் தொம்பத்துன்னு சொன்னன். செவப்புப் பொட்டில போட்டன். சாரக் கேளுங்க."

தலைமை அதிகாரி என் பக்கம் திரும்பினார். சிவப்புப் பெட்டி எப்போதோ கழிவுக்குப் போயிருந்தது. தாள் என் இழுப்பறையில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"படத்துல அப்படி எதுவும் இல்ல சார்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படிச் சொல்லத்தான் எனக்கு வந்தது. ரத்னம்மா என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். ஒப்பந்தக்காரர் மறுநாளே வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்.

ஆள் வரவில்லை, கேபிள் வந்தது. அளவுமானியிலிருந்து எண் நேராகக் கணினிக்குப் போகும், நீங்கள் இன்று வைத்திருப்பது போல. எழுதவும் வேண்டாம், திருப்பிச் சொல்லவும் வேண்டாம். நானே தண்டை வைத்து, நானே சுழற்றி, நானே பொத்தானை அமுக்கினேன். பத்து நாள் அப்படிப் போனது. ஒருநாள் திரையில் எண் வந்ததும் என்னையறியாமல் வாய்விட்டு, "பத்து" என்றேன். கதவு சாத்தியிருந்தது. குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. ஆமாம் என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. நான் எழுந்து இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

தலைமை அதிகாரி தாளையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நான் அந்தம்மாவ நம்பல. உன் படத்தத்தான் நம்புனேன்" என்றார். அதன் பிறகு தான் ஓய்வு பெறும்வரை அவர் என்னோடு வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது, வேறு எதுவும் ஆகவில்லை. ரத்னம்மாவைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். அவர் வரவில்லை.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். சின்னத் தொகுப்பில் ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆள் மாதிரி. ஆயிரம் எண்ணில் ஒன்று காணாமல் போனால் தெரியாது. இருபதில் ஒன்றை எடுத்தால் கதையே மாறிவிடும். ஒன்று தனியாக நின்றால் தப்பாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம், திரையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பாருங்கள். அளந்தவரைக் கேளுங்கள். அவர் எந்த மொழியில் எண்ணுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீக்கத்தான் வேண்டுமென்றால், நீக்கிய எண் எது, ஏன் நீக்கினோம் என்று படத்துக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் நீக்காதீர்கள்.

பேரிகைக்கு நான் போனது ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன் போகத் துணிச்சல் இல்லை. விசாரித்ததில், ஊருக்கு வெளியே ரோஜாத் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிறார் என்றார்கள். பசுமைக்குடிலை ஒட்டிய கொட்டகையில் நீண்ட மேஜை, அதன்மேல் குவியலாக ரோஜா. இருபது இருபதாக எண்ணிக் கட்டுப் போட வேண்டும். அங்கே ரத்னம்மா நின்றுகொண்டு கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தினார்.

பேருந்தில் வரும்போது சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். பையிலிருந்த அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அவர் குனிந்து பதினேழாவது வரியைப் பார்த்தார், டிக்கையும் பார்த்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது எவ்ளோ சார்?" என்று கேட்டார்.

"தொண்ணூறு" என்றேன்.

"ஹௌது."

தாளை மடித்து என் பக்கம் நகர்த்தினார். நான் வந்ததில் அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. கையிலிருந்த பூக்களை மேஜையில் பரப்பி, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.